நாலு பேர் என்ன சொல்வார்கள்? கதைகள் ஊர் வழக்கத்தை மாற்றும் விதம்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் டெம்பிசா என்று ஓர் ஊர். அங்கே ஒரு மதுக்கூடத்தில் ஒருவன் தன் காதலியை அடித்தபோது, இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து பாட்டில்களைத் தட்டிச் சத்தம் எழுப்பினார்கள். நாட்டின் வேறு சில இடங்களில், பெண்டாட்டியை அடிப்பவன் வீட்டு முன்னால் அக்கம்பக்கத்தார் பாத்திரங்களைத் தட்டினார்கள். 1999-இல் ஓடிய ஒரு டிவி தொடரில் அப்படி ஒரு காட்சி வந்திருந்தது. அதைப் பார்த்ததன் விளைவு இது.

அந்தத் தொடர் 'சோல் சிட்டி', அதன் நான்காம் பருவம். கதையில் தபாங் ஒரு பள்ளி ஆசிரியர். ஊரில் நல்ல பெயர். வீட்டுக்குள் மனைவி மட்லகாலாவை அடிக்கிறார். ஒரு கட்டத்தில் அக்கம்பக்கத்தார் அவர் வீட்டைச் சூழ்ந்து நின்று சட்டி, பாத்திரங்களைத் தட்டுகிறார்கள். உள்ளே புகுந்து கைகலப்பு இல்லை, நீண்ட வசனமும் இல்லை. "எங்களுக்குக் கேட்கிறது" என்று அந்த ஆளுக்குத் தெரியப்படுத்துகிறார்கள்.

பெண்களையும் சிறுமிகளையும் வதைக்கும் வழக்கங்களைக் கதையால் எதிர்ப்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். இந்த வேலையைப் பலரும் 'விழிப்புணர்வு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு கொஞ்சம் தகராறு உண்டு. தபாங் மாதிரி ஆட்கள் குடியிருக்கும் எந்தத் தெருவிலும், நடப்பது என்ன என்று தெரியாமல் யாரும் இருப்பதில்லை.

தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்?

16 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் ஓர் அப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 18 ஆக வேண்டும் என்ற சட்டம் அவருக்குத் தெரியும். இன்னும் ரெண்டு வருஷம் படிக்கட்டுமே என்று அவருக்கே தோன்றியும் இருக்கலாம். ஆனாலும் தேதி குறிக்கிறார். ஏன் என்று கேட்டால் வரும் பதில் நமக்கெல்லாம் பழகியது: "வயசுப் பொண்ண வீட்ல வச்சிருந்தா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

அந்த நாலு பேரைத்தான் ஆய்வாளர்கள் 'சமூக நெறி' என்கிறார்கள். ஒரு வழக்கத்தைப் பற்றி என் மனதில் இருப்பது ஒன்று. மற்றவர்கள் மனதில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருப்பது இன்னொன்று. வழக்கத்தைத் தாங்கிப் பிடிப்பது பல நேரம் இந்த இரண்டாவதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த நாலு பேரும் தத்தம் வீட்டில் இதே கேள்விக்குப் பயந்து உட்கார்ந்திருக்கக்கூடும். பாதிப் பேருக்குப் பிடிக்காத வழக்கத்தை ஊரே கூடிக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

துண்டுப் பிரசுரமும் சுவர் விளம்பரமும் என்னிடம் பேசுகின்றன. அந்த நாலு பேரிடம் பேசுவதில்லை. ஊரே சேர்ந்து ஒரு கதையைப் பார்க்கும்போது நடப்பது வேறு. நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள், நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். மறுநாள் குழாயடியில் அதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாரும் யாரையும் குத்திக்காட்டியதாக ஆகாது. கதையைப் பற்றித்தானே பேசுகிறோம்!

இதை ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார். எரிக் அரியாஸ் என்ற ஆய்வாளர், மெக்சிகோவின் வாஹாக்கா மாநிலத்தில் சான் பர்த்தோலோமே கியாலானா என்ற ஊரில், பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஒரு வானொலி நாடகத்தைக் கேட்க வைத்தார். சிலருக்குக் குறுந்தட்டில் கொடுத்துத் தனியாகக் கேட்கச் சொன்னார். மற்றவர்கள் அதே நாடகத்தைக் கூட்டமாகவோ ஊர் ஒலிபெருக்கியிலோ கேட்டார்கள். 2019-இல் வெளியான முடிவு இது: தனியாகக் கேட்டவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஊரே கேட்கிறது என்று தெரிந்து கேட்டவர்களிடம் வன்முறையை ஏற்கும் போக்கு குறைந்தது. நாடகமும் வசனமும் அதேதான், கூட இருந்த நாலு பேர் மட்டுமே வித்தியாசம்.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு, அது அவ்வளவு இனிப்பானதில்லை. இந்த வன்முறை சீக்கிரம் குறையும் என்ற நம்பிக்கை, சேர்ந்து கேட்டவர்களிடம் சரிந்திருந்தது. இந்த முடிவைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

தடுமாறுகிற ஆள்

இந்த வித்தைக்கு இலக்கணம் வகுத்தவர் மிகுவெல் சபீதோ. மெக்சிகோவின் டெலிவிசா தொலைக்காட்சியில் இருந்தவர். 1969-இல் பெரு நாட்டில் 'சிம்ப்ளமென்டே மரியா' என்று ஒரு தொடர் தொடங்கியது. வீட்டு வேலைக்கு வந்த ஏழைப் பெண் தையல் கற்று முன்னுக்கு வருகிற கதை. யாரும் எதையும் போதிக்க நினைத்து எடுத்ததில்லை. ஆனால் தொடர் ஓடிய நாடுகளில் பெண்கள் தையல் வகுப்புகளில் சேர்ந்தார்கள், தையல் மிஷின் விற்பனை எகிறியது. தற்செயலாக நடந்த இதைத் திட்டமிட்டே செய்ய முடியுமா என்று யோசித்த சபீதோ, 1975-இல் முதியோர் கல்வியை வைத்து ஒரு தொடரும் 1977-இல் குடும்பக் கட்டுப்பாட்டை வைத்து இன்னொன்றும் எடுத்தார். இன்று இவ்வகைத் தொடர்கள் உலகெங்கும் எடுக்கப்படுகின்றன. தமிழில் 'பொழுதுபோக்கு வழிக் கல்வி' என்று சொல்லலாம்.

அவர் முறையில் மூன்று விதமான பாத்திரங்கள் வருவார்கள். வழக்கத்தை எதிர்ப்பவர், வழக்கத்தை விடாமல் பிடித்திருப்பவர், இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறவர். நம் ஊர்ப் பிரசார நாடகங்களில் முதல் இருவர் மட்டுமே இருப்பார்கள். அதனால்தான் பாதியிலேயே கொட்டாவி வருகிறது. பார்ப்பவர் ஒட்டிக்கொள்வது மூன்றாமவரிடம். அவள் தப்பான பக்கம் சாய்வாள், அதற்கான விலையைக் கொடுப்பாள், மெல்லத் திரும்புவாள். சபீதோ இதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளரின் கருத்தை: மனிதர்கள் மற்றவர்களைப் பார்த்துக் கற்கிறார்கள், அதிலும் தங்களைப் போன்றவர்களைப் பார்த்து இன்னும் நன்றாகக் கற்கிறார்கள். உத்தமர்களைப் பார்த்துக் கும்பிடலாம். அவர்களைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது.

இப்படித் திரும்புவதற்கு நாள் பிடிக்கும். ஒரே எபிசோடில் மாமியார் மனம் மாறினால் எந்த மருமகளும் நம்ப மாட்டாள். எத்தியோப்பியாவில் 2002 முதல் 2004 வரை அம்ஹாரிக் மொழியில் ஓடிய 'யெகென் கிக்னிட்' வானொலித் தொடருக்கு 257 எபிசோடுகள். அந்நாட்டில் 'தெலெஃபா' என்று ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய், பலாத்காரம் செய்து, அதையே கல்யாணம் என்று சொல்லிவிடுவது. கெட்டுப்போன பெண்ணை இனி யார் கட்டுவார்கள் என்று பெண் வீட்டாரும் சம்மதித்துவிடுவார்கள். தொடரில் வுபலெம் என்ற பெண்ணுக்கு இது நடக்கிறது. ஆனால் அவள் கதை அதோடு முடிவதில்லை. மீண்டு வருகிறாள், தான் விரும்பியவனையே மணக்கிறாள். 'இனி யார் கட்டுவார்கள்' என்ற கேள்விக்கு அந்நாட்டு வானொலியில் ஒரு பதில் கிடைத்தது. நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. கடிதங்களை வைத்து மட்டும் நான் எதையும் நம்பிவிட மாட்டேன். எந்தக் கடிதத்தை நமக்குக் காட்டுவது என்பது தயாரித்தவர்கள் கையில் அல்லவா இருக்கிறது? ஆனால் இத்தனை பேர் பேனாவை எடுத்தார்கள் என்பதே ஒரு செய்தி.

பக்கத்து வீட்டுக்காரர்

சரி, தடுமாறுகிற ஆள் யார்? அடி வாங்குபவள்தான் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கதை முழுக்க அவள் அழுவாள், கடைசியில் துணிந்து எழுவாள், நாம் கைதட்டுவோம். இதில் ஒரு கோளாறு இருக்கிறது. மாற வேண்டிய பொறுப்பு முழுக்க அவள் தலையில் விழுந்துவிடுகிறது. ஒன்று அவள் துணிய வேண்டும், அல்லது சாக வேண்டும். சுற்றியிருப்பவர்களுக்குக் கண்ணீர் விடுவதைத் தவிர வேலையே இல்லை.

சோல் சிட்டிக்காரர்கள் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரர்கள். தொடரை எடுத்த சோல் சிட்டி அமைப்பை 1992-இல் தொடங்கிய கார்த் ஜாஃபெட், ஷெரீன் உஸ்தின் இருவரும் மருத்துவர்கள். கதை எழுத உட்காரும் முன் அவர்கள் ஊர் ஊராக மக்களிடம் பேசிப் பார்ப்பது வழக்கம். அடிப்பவனும் பேச மாட்டான், அடிபடுபவளும் பேச மாட்டாள், கேட்டுக்கொண்டிருக்கும் அண்டை வீட்டாரும் பேச மாட்டார்கள் என்பதே ஊர் வழக்கமாக இருந்தது. 'பெகெசெலா' என்பார்கள் ஜூலு மொழியில், பொறுத்துப் போ என்று பொருள். நம் ஊரில் 'பூமாதேவி மாதிரி பொறுமையா இரு' என்பது போலத்தான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அதற்கு மேல் ஒரு பழமொழியும் நாம் வைத்திருக்கிறோம்.

ஆகவே தொடர் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசியது. போய்த் தடுத்தால் அடி விழலாம், போலீஸுக்குப் போனால் பகை வரும். பாத்திரம் தட்டுவது அவரால் முடியும். தனியாளாக இல்லாமல் சேர்ந்தே செய்யலாம். தொடருக்கு முன்னும் பின்னும் எடுத்த கணக்கெடுப்பில், குடும்ப வன்முறை அவரவர் வீட்டு விஷயம் என்பதை மறுத்தவர்கள் 10 சதவீத அளவுக்குக் கூடியிருந்தார்கள். தொடரோடு இன்னொரு வேலையும் நடந்தது. அந்நாட்டில் 1998-இலேயே குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியிருந்தும் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து சோல் சிட்டி நெருக்கடி கொடுத்தது. 1999 டிசம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது. கதை மட்டும் தனியாக இதைச் சாதித்திருக்காது.

இந்தியாவில் 2008-இல் பிரேக்த்ரூ என்ற அமைப்பு தொடங்கிய 'பெல் பஜாவோ' (மணியை அடியுங்கள்) விளம்பரங்களும் இதே தடத்தில் வந்தவை. பக்கத்து வீட்டில் அடிக்கிற சத்தம். ஓர் ஆள் எழுந்து போய் அழைப்பு மணியை அடிக்கிறார். கதவைத் திறந்தவனிடம் கேட்பதோ ஒரு கோப்பை பால் கிடைக்குமா என்று. இன்னொன்றில் பையன்கள் பந்தைக் கேட்டு வருகிறார்கள். வந்தவர் பாலுக்கு வரவில்லை என்பது இருவருக்குமே தெரியும். சண்டை இல்லை, அறிவுரை இல்லை, ஒரு சின்னச் சாக்கு. நம் குடியிருப்புகளுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! சர்க்கரை கடன் கேட்கப் போகாத வீடு எது?

எனக்கு மிகவும் பிடித்த சான்று உகாண்டாவுடையது. 2016-இல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் இலவசமாகப் படம் காட்டினார்கள். வீடியோ கொட்டகைகளில் ஹாலிவுட் படம் ஓடும். இடையிடையே சில நிமிடக் குறும்படங்கள் வரும். சில கிராமங்களில் அவை பெண்கள் மீதான வன்முறை பற்றியவை, மற்ற கிராமங்களில் வேறு விஷயம் பற்றியவை. அடி நடப்பது தெரிந்தும் சொல்லாமல் விட்டவர்களும் அதன் விளைவும்தான் முன்னதில் கதை. பல மாதங்கள் கழித்துக் கணக்கெடுத்தபோது, வன்முறைப் படம் பார்த்த கிராமங்களில் பெண்களை அடிப்பது சரியா தவறா என்ற கருத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் இப்படி ஒன்று நடந்தால் வெளியே சொல்வேன் என்ற பெண்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. வீட்டில் வன்முறை நடந்ததாகச் சொன்னவர்கள் குறைந்திருந்தார்கள். அதுவரை வாயை மூடியிருந்ததற்குக் காரணம், வெளியே சொன்னால் வம்பு பேசுகிறவள் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். மறுபடியும் நாலு பேர்தான். யாருடைய மனமும் மாறாமலே வன்முறை குறைய முடியும் என்பதை என்னால் இன்றும் முழுதாக ஜீரணிக்க முடியவில்லை.

ஒரு சொல்லின் கதை

சூடானில் பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை வெட்டிச் சிதைக்கும் வழக்கம் மிகப் பரவலாக இருந்தது. வெட்டப்படாத பெண்ணைக் குறிக்க மக்களிடம் இருந்த சொல் 'கல்ஃபா'. அது ஒரு வசைச்சொல். யோசித்துப் பாருங்கள், தன் மகளை வெட்டாமல் விட்ட தாய்க்கு அந்த மகளைக் கௌரவமாக அழைக்க ஒரு சொல்லே இல்லை. 2008-இல் யுனிசெஃப் உதவியோடு தொடங்கிய இயக்கம் எடுத்து வைத்த சொல் 'சலீமா'. முழுமையானவள், பழுதுபடாதவள் என்று பொருள்; பெண்களுக்கு வைக்கும் பெயரும்கூட. பாட்டு, கவிதை, டிவி விளம்பரம் என்று அந்தச் சொல்லை ஊரெல்லாம் புழங்க விட்டார்கள். எதிர்ப்பு என்ற வாடையே அதில் இல்லை. அதே நாட்டில் ஒரு குழுவினர் ஒரு கூட்டுக் குடும்பத்துக்குள் இந்த விஷயத்தில் நடக்கும் விவாதத்தை முழுநீளப் படமாக எடுத்துக் காட்டி, பார்த்தவர்களின் மனப்போக்கு மாறியதை 2016-இல் பதிவு செய்தார்கள். வெளியூர்க்காரர் வந்து உங்கள் பண்பாடு மட்டம் என்று சொல்வதற்கும், உள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது என்று காட்டுவதற்கும் தூரம் அதிகம். 2020-இல் சூடான் இந்த வழக்கத்தைக் குற்றமாக்கியது.

சொல்லை மாற்றுவது தமிழுக்குப் புதிதில்லை. திருநங்கை, மாற்றுத்திறனாளி என்ற சொற்கள் கண் முன்னாலேயே வந்து பழையவற்றைத் தள்ளின. ஆனால் புருஷனை விட்டு வந்த பெண்ணுக்கு இன்னும் 'வாழாவெட்டி'தான். அதற்கு ஒரு நல்ல சொல் வரும்வரை, மகளைத் திரும்பக் கூட்டி வரத் தயங்கும் அம்மாவை நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன்.

கதை சறுக்கும் இடங்கள்

அரியாஸ் ஆய்வின் அந்த இரண்டாவது முடிவுக்கு வருகிறேன். 'இது எங்கே பார்த்தாலும் நடக்கிறது' என்று கதை உரக்கச் சொன்னால், கேட்பவர் மனதில் பதிவது 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பதாகவும் இருக்கலாம். நாலு பேரை எதிர்க்கப் போய் நாலு பேருக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துவிடுவோம். வழக்கம் எவ்வளவு பரவலானது என்று காட்டும் கதை, அதை விட்டவர்களையும் கூடவே காட்டியாக வேண்டும்.

இன்னொரு சறுக்கல் நம்மூரிலேயே நடந்தது. 1986-இல் உசிலம்பட்டிப் பகுதியின் பெண்சிசுக் கொலை பற்றி ஓர் ஆங்கிலப் பத்திரிகை எழுத, நாடே அதிர்ந்தது. அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது, 1994-இல் பாரதிராஜா 'கருத்தம்மா' எடுத்தார். இவற்றால் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உசிலம்பட்டி என்ற பெயரே ஒரு வசையாகிவிட்டது. வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லப்பட்ட கதை அது. அந்த ஊர்ப் பாட்டிகளுக்கு அது எதைச் சொன்னது என்று கேட்டவர்கள் குறைவு.

1990-களின் பிற்பகுதியில் தருமபுரி மாவட்டத்தில் நடந்த கலைப்பயணம் வேறு வகை. கலைக்குழுக்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்சிசுக் கொலையைப் பற்றித் தெருநாடகம் போட்டார்கள். ஊர் நடுவில், ஊரே உட்கார்ந்து பார்த்த நாடகம். மெக்சிகோ ஒலிபெருக்கிக்குப் பல வருடம் முந்தியது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் பெண் சிசுக்களின் சந்தேக மரணங்கள் பிறகு குறைந்தன. நாடகத்தால் மட்டுமா என்றால், இல்லை. கிராம செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் கண்காணித்ததும் அதில் சேரும். வரதட்சணைச் செலவு என்ற மூல காரணத்தை எந்த நாடகமும் அடைக்கவில்லை. இதற்கிடையே ஸ்கேன் பரவியது. பிறந்தபின் நடந்தது பிறக்கும் முன்னேயே நடக்கத் தொடங்கியது.

சீர்திருத்த எண்ணமே இல்லாத சீரியல்கள் என்ன செய்கின்றன? ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் இருவரும் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் கேபிள் டிவி வந்த கிராமங்களைக் கவனித்தார்கள். மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்களும், மகன்தான் வேண்டும் என்பவர்களும் அங்கே குறைந்ததாக எழுதினார்கள். நகரத்துப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று திரையில் பார்த்ததே போதுமாக இருந்திருக்கலாம். அதே தரவை மறுபடி அலசிய வேறு சிலர் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார்கள். நம் சீரியல்களில் விழும் அறைகளை எண்ணிப் பார்த்தால் எனக்கும் சந்தேகம் வருகிறது.

நீங்களே ஒரு குறும்படமோ தெருநாடகமோ எடுக்கப் போகிறீர்கள் என்றால், திரைக்கதையில் அடி விழும் பக்கத்தைத் திறந்து, அந்த நேரம் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் அந்த வீடே இருக்காது. கடைசியில் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098 என்று போடுவது நல்ல பழக்கம். சோல் சிட்டியும் இலவச உதவி எண்ணைத் தொடரோடு சேர்த்தே மக்களிடம் கொண்டுபோனது. ஆனால் திரையில் போடும் முன், உங்கள் மாவட்டத்திலிருந்து அந்த எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்து, எத்தனை மணி அடித்தபின் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.